மானிட்டர் இல்லாத இடத்தில் ஒரு சிஸ்டர்

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் நான்கு வருஷமாக ஸ்டாஃப் நர்சாக இருக்கிறேன். காஸா, சூடான் வீடியோக்களைப் போனில் பார்த்துவிட்டு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. சுனாமி வந்தபோது எனக்கு 7 வயது. டென்ட்டில் இருந்த எங்களுக்கு, எங்கிருந்தோ வந்த ஒரு நர்ஸ் அக்கா ஊசி போட்டுவிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நானும் அப்படிப் போக வேண்டும் சார். அண்ணன், "அதெல்லாம் டாக்டருங்களுக்குத்தான்" என்கிறான். துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாவோ, "கடலுக்குப் போனவர நெனச்சி பயந்து கெடந்தது பத்தாதா? நீ வேற குண்டு வுழற எடத்துக்குப் போவணுமா?" என்று அழுகிறார். படிப்புக் கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். முன்பணம் 20,000 அனுப்பிவிட்டேன். இப்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்கிறார். நான் போனால் உபயோகமாக இருப்பேனா, பாரமாக இருப்பேனா?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

முதலில் அந்த 2 லட்சம். இனி ஒரு பைசா கொடுக்காதீர்கள், சர்டிஃபிகேட்டையும் கொடுக்காதீர்கள். போர் நடக்கும் இடங்களுக்கு மருத்துவக் குழு அனுப்பும் எந்த நல்ல நிறுவனமும் வேலைக்கு வருகிறவரிடம் பணம் வாங்குவதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பானாலும் சரி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவானாலும் சரி, அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம். விமான டிக்கெட், தங்குமிடம், காப்பீடு எல்லாம் அவர்கள் செலவு. நடுவில் ஓர் ஆள் வந்து சேர்த்துவிடுகிறேன் என்றால், அவர் சேர்க்கப்போவது பணத்தை, உங்களை இல்லை. 20,000-ஐ ஜிபே மாதிரி எதிலாவது அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். நாள் கடக்கக் கடக்கப் பணம் கைக்கு வருவது கஷ்டம். வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களின் பெயர் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கும். அந்த ஆளின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அண்ணன் சொன்னதும் தப்பு. செஞ்சிலுவை இயக்கத்துக்கு விதை போட்ட ஆன்ரி துனான் டாக்டரே இல்லை, வியாபாரி. 1859 ஜூனில் இத்தாலியின் சோல்ஃபரினோவில் பெரிய சண்டை. தன் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க அந்தப் பக்கம் போன மனிதர் அவர். பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயில் காயம்பட்டவர்கள் தேவாலயம் நிறையக் கிடந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பெண்கள். எந்த நாட்டுச் சிப்பாய் என்று அவர்கள் பார்க்கவில்லை. எல்லோரும் சகோதரர்கள் என்றார்கள். 1863-இல் ஜெனீவாவில் அமைந்த குழுவும், 1864-இல் வந்த முதல் ஜெனீவா ஒப்பந்தமும் அதற்கு அப்புறம்தான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை 1971-இல் பாரிஸில் தொடங்கியவர்களில்கூடப் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். இன்றைக்கு ஒரு குழுவில் நர்ஸ், பிரசவம் பார்க்கிறவர், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், தண்ணீருக்குக் குளோரின் போடுகிறவர், டிரைவர் என்று பலர் இருப்பார்கள். டாக்டர்கள் கொஞ்சம் பேர்தான். நான் மயக்க டாக்டர். டாக்டரான நான் லீவு போட்டால் ஒரு நாள் சமாளித்துவிடுவார்கள். ஜெனரேட்டர் பார்க்கிறவர் லீவு போட்டால் தியேட்டரைப் பூட்ட வேண்டியதுதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் போனில் பார்ப்பது குண்டடி. அங்கே வார்டில் பார்க்கப்போவதில் அது ஒரு பங்குதான். சண்டை வந்தால் சனம் ஊரை விட்டு ஓடும். ஓடிய இடத்தில் நல்ல தண்ணீர் இருக்காது, கக்கூஸ் இருக்காது. ஒரே கூடாரத்தில் பத்துப் பேர் படுப்பார்கள். வயிற்றுப்போக்கு, தட்டம்மை, மலேரியா, நிமோனியா, பசி எல்லாம் வரிசையாக வரும். இன்சுலின் தீர்ந்துபோன சர்க்கரை நோயாளியும், டயாலிசிஸ் நின்றுபோனவரும் எந்தக் குண்டும் படாமலே சாவார்கள். பிரசவ வலி போர் முடியட்டும் என்று காத்திருக்காது.

உங்களுக்கு டென்ட்டில் போட்ட ஊசி தட்டம்மை ஊசியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகாம் போட்டால் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று அது. 6 மாசக் குழந்தையிலிருந்து 15 வயது வரைக்கும் எல்லோருக்கும், முன்னாலேயே போட்டிருந்தாலும் சரி, போட்டுவிடுவார்கள். கூட்டத்தில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால், பசியில் வாடிய மற்றப் பிள்ளைகள் கொத்தாகப் போய்விடும். அந்த அக்கா தலையைத் தடவியதுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் அன்றைக்கு எத்தனை ஊசி போட்டோம், ஐஸ் பெட்டியில் குளிர் நிற்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

போர்க்கால மருத்துவத்தில் நம் ஆட்கள் கண்ட பெரிய விஷயம் ஒன்றும் இந்த வகைதான். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அங்கே போனபோது நோயாளிகள் தரையில் கிடக்கிறார்கள், ட்ரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பாக்கெட் போட்டு, டிரம்மில் தண்ணீரோடு கலந்து குழாய் வைத்தார். கூட இருந்த அம்மா, அக்கா, தங்கைகளையே குவளை குவளையாகக் கொடுக்க வைத்தார். நூற்றில் 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்தக் கணக்கு 4-க்கும் கீழே வந்தது. இன்றைக்கு நம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் உலகம் முழுக்க ஏற்கப்பட்டதற்கு அந்த முகாம் ஒரு பெரிய காரணம். பத்ம விபூஷண் 2023-இல், அவர் இறந்த பிறகு கொடுத்தார்கள். நாம் எப்போதும் கொஞ்சம் லேட்.

குண்டடிக்கும் நாம் படித்த பாடம் அப்படியே உதவாது. ரோட்டில் விழுந்து வெட்டுக்காயத்தோடு வந்தால் கேஷுவால்டியில் கழுவித் தையல் போட்டு அனுப்புவோம். தோட்டா, வெடிச்சிதறல் பட்ட காயத்தை அப்படித் தைத்தால் உள்ளே மண்ணும் துணியும் செத்த தசையும் சேர்ந்து அழுகும். செத்ததை வெட்டி எடுத்து, கழுவி, தைக்காமல் திறந்தபடியே பஞ்சும் காஸ் துணியும் கனமாக வைத்துக் கட்டிவிடுவார்கள். நாலைந்து நாள் கழித்துத் தியேட்டரில்தான் பிரித்துப் பார்த்து மூடுவார்கள். நடுவில் ரத்தம் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ தவிர, வார்டில் கட்டைத் தொடக்கூடாது. தினம் காலையில் டிரெஸ்ஸிங் மாற்றிப் பழகிய நம் நர்சுகளுக்கு முதல் வாரம் கை நமநமவென்று இருக்கும். உங்களுக்கும் இருக்கும். தொடாதீர்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன், கௌரவமான கதை இல்லை. தென் சூடானில் எனக்கு அது முதல் தடவை. கடலூரிலும் பாண்டியிலுமாக 19 வருஷம் மயக்க மருந்து கொடுத்த திமிர் வேறு. நாலு வயதுப் பையனுக்குத் தொடையில் அறுவை, கீட்டமின் போட்டிருந்தோம். அந்த மருந்து போட்டால் பேஷண்ட் பெரும்பாலும் தானே மூச்சு விடுவார், ரத்த அழுத்தமும் விழாது, நரம்பு கிடைக்காவிட்டால் தசையிலேயே போடலாம். அதனால்தான் அங்கே அதற்கு அவ்வளவு மரியாதை. பாதியில் கரண்ட் போய், இருந்த ஒரே மானிட்டரும் அணைந்தது. நான் அந்தக் கறுப்புத் திரையைத் தட்டிக்கொண்டு, பின்னால் வயரை ஆட்டிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் இருந்த உள்ளூர் நர்ஸ் ஒரு கையைப் பையன் நெஞ்சில் வைத்திருந்தார், இன்னொரு கையின் விரல் அவன் காதோரம் நாடியில். "டாக்டர், பையன் இங்கே இருக்கிறான்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது.

நாலு வருஷ ஐ.சி.யூ. அனுபவம் லேசான விஷயம் இல்லை. நோயாளி சரிகிறார் என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் மூக்கு உங்களுக்கு வந்திருக்கும். ஆனால் அந்த மூக்கு அலாரச் சத்தத்தை நம்பிப் பழகியிருக்கும். நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 2 வருஷ அனுபவம். அது உங்களிடம் இருக்கிறது. இருந்தாலும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐ.சி.யூ.வை விட்டு ஒரு வருஷம் பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, கேஷுவால்டி மூன்றிலும் வேலை செய்யுங்கள். கூட்டம் நெரியும் இடமாகப் பாருங்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர், பாதி மருந்து ஸ்டோரில் இல்லை, ஒரு நர்சுக்கு நாற்பது பேஷண்ட் என்றால் அதுதான் உங்களுக்குப் பள்ளிக்கூடம். நாடியைக் கையால் எண்ணுங்கள், மூச்சைக் கண்ணால் எண்ணுங்கள், அப்புறம் மானிட்டரைப் பார்த்துச் சரிதானா என்று பாருங்கள். 6 மாசம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளையின் மேல்கையை நாடாவால் அளக்கப் பழகுங்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. நம் ஊரில் அடுத்த புயலுக்கோ வெள்ளத்துக்கோ முகாம் போடும்போது போய் நில்லுங்கள். தானே புயல் வந்தபோதும், 2015 வெள்ளத்திலும் பார்த்திருப்பீர்களே, கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் படுத்தால் எது முதலில் கெடும் என்று.

இன்னொன்று, நீங்கள் நினைத்திராத விஷயம். வெளிநாட்டிலிருந்து போகும் நர்ஸ் அங்கே பெரும்பாலும் ஊசி போட்டுக்கொண்டிருக்க மாட்டார். உள்ளூர் நர்சுகள் இருபது முப்பது பேருக்கு டியூட்டி போடுவது, மருந்து இருப்பைப் பார்ப்பது, கருவிகள் சரியாக வெந்து வருகின்றனவா என்று கவனிப்பது, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, இதுதான் வேலை. வேலை செய்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அந்த ஊர்க்காரர்களே. உங்களைவிட வயதில் மூத்த, பத்து வருஷம் அங்கேயே குண்டுச் சத்தத்தில் வேலை பார்த்த ஒரு நர்சுக்கு நீங்கள் மேலதிகாரியாகப் போவீர்கள். தெரியாததைத் தெரியாது என்று அவரிடம் கேட்கிற வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பிரெஞ்சு படியுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காங்கோ, சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு மாதிரி இடங்களில் மருத்துவக் குழுவின் பேச்சு பிரெஞ்சுதான். ஆங்கிலம் தெரிந்த நர்ஸ் இந்தியாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பிரெஞ்சும் பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். நீங்களோ தினம் பஸ் ஏறி இறங்குவது பாண்டிச்சேரியில்! சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, 1889-இலிருந்து. ஜிப்மருக்கு மூலமே 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான். பிரெஞ்சில் பேசிக்கொள்ளும் தாத்தா பாட்டிகளை வார்டிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவர்களிடம் பேசிப் பழகலாம். ஆறு மாசத்தில் வராது. ஒன்றரை வருஷம் விடாமல் படித்தால், "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்" வரைக்கும் தைரியமாகக் கேட்கலாம்.

எந்தப் பக்கமும் சாயாமல் வேலை செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தமிழர்களுக்கு அது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். இலங்கையில் போர் முடிந்த 2009 நம் யாருக்கும் மறக்கவில்லை. புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி, மயக்க மருந்தும் ரத்தமும் போதாமல் அந்த மண்ணின் அரசு டாக்டர்களும் நர்சுகளும் கடைசிவரை வேலை செய்தார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைக் குழு கடல் வழியாகப் பல ஆயிரம் நோயாளிகளையும் உறவினரையும் திருகோணமலைக்கும் அப்புறம் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. கரையில் கப்பல் அணைய வசதி இல்லை. சிறு படகில் ஏற்றி, அலையில் நின்ற கப்பலுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு கப்பல் வந்து நிற்க வேண்டுமானால் இரண்டு தரப்பிடமும் பேச வேண்டும். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். பேசுகிறவர் வாயைத் திறந்து ஒரு தரப்பைத் திட்டிவிட்டால் கப்பல் வராது. இது எனக்கு உவப்பான விஷயம் இல்லை. பல ராத்திரி இதோடு சண்டை போட்டிருக்கிறேன். ஊரை எரித்தவன் என்று சனம் காட்டிய ஒருவனுக்கே நான் மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன். கை நடுங்கவில்லை, ஆனால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. அவனுக்கும் மற்றவருக்கும் ஒரே அளவு மருந்து போட உங்களால் முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். முடியாது என்றால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, இந்த வேலை வேண்டாம்.

அபாயத்தை மறைத்துச் சொல்ல மாட்டேன். 2015 அக்டோபர் 3-ஆம் தேதி ராத்திரி, ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய ஆஸ்பத்திரியை அமெரிக்க விமானம் தாக்கியது. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று எல்லாத் தரப்புக்கும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். 42 பேர் செத்தார்கள், அதில் 14 பேர் ஊழியர்கள். அடுத்த வருஷம் மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபை மருத்துவர்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாக்கக் கூடாது என்று 2286-ஆம் எண் தீர்மானம் போட்டது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் போனில் பார்க்கிறீர்கள். சாகிறவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து போனவர்கள் இல்லை, உள்ளூர் ஊழியர்கள். நமக்குத் திரும்பி வர டிக்கெட் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. உங்கள் பெயரில் ஆயுள் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். போரில் நேரும் சாவுக்குப் பணம் கிடையாது என்று பலவற்றில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நடுவில் ஒரு புலம்பல். செஞ்சிலுவை என்பது டாக்டர்களின் சின்னம் இல்லை, போரில் காப்பு கொடுக்கும் சின்னம். 1960-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதியில்லாமல் போட்டால் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. நம் ஊரில் டாக்டர் பைக், நர்ஸ் ஸ்கூட்டி, மருந்துக்கடை போர்டு எங்கும் ஒட்டிவைத்திருக்கிறோம். உங்கள் வண்டியில் இருந்தால் கிழித்துவிடுங்கள்.

அம்மாவிடம், "பயப்படாதே, ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கரையில் நின்று கடலைப் பார்த்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அவருக்குப் புரிகிற மாதிரி வேறொன்று சொல்லலாம். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எவ்வளவு பெரிய ஆளானாலும் படகை இறக்கக் கூடாது. அந்த மாதிரி அங்கே பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருப்பார். அவர் வெளியே போகாதே என்றால் போகக் கூடாது, இருட்டினால் வீட்டுக்குள் இருக்க வேண்டும், வயர்லெஸ்ஸில் சொன்ன நேரத்துக்குப் பதில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியை வைத்துவிட்டுத்தான் எவனும் உள்ளே வரலாம். எனக்கு வேண்டாம், திரும்பிப் போகிறேன் என்று எந்த நாளும் நீங்கள் சொல்லலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கூண்டைப் பார்த்தும் படகை இறக்குகிற குணம் உங்களுக்கு உண்டா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அவரையே கேளுங்கள். உண்டு என்று அவர் சொன்னால் நான் அவர் பக்கம்.

கடனை முதலில் அடைத்துவிடுங்கள். சம்பளம் உண்டு, ஆனால் வளைகுடாவுக்குப் போன உங்கள் தோழிகள் வாங்குகிற அளவு இருக்காது. முதல் பணி பொதுவாக 9 முதல் 12 மாசம். எங்களை மாதிரி தியேட்டர் ஆட்களைச் சில வாரங்களில் மாற்றிவிடுவார்கள், நர்சுகளுக்கு அந்தச் சலுகை குறைவு. திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். முகாமில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு வந்த நான், செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடி டேங்க் வழிந்ததற்கு மனைவியிடம் தெரு கேட்கக் கத்தினேன். மோட்டாரை நிறுத்த மறந்தவன் நான்தான். அதற்கு ஆலோசனை சொல்ல நிறுவனத்திலேயே ஆள் இருப்பார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று வீம்பு பிடிக்காமல் போய்ப் பேசுங்கள். ராத்திரி வீடியோ பார்ப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். தூங்காத நர்ஸ் உங்கள் ஐ.சி.யூ.வுக்கே ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கத் துறைமுகத்துக்கு நான் வருவதுண்டு. அம்மாவுக்குக் கேட்க வேண்டியது இருந்தால் என்னிடமே கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்கிறேன். பேரம் பேச மாட்டேன் என்றும் சொல்லிவையுங்கள்.